என் பெயரில் அவள் செய்த வேலை

அந்த வரைவு ஒரு திங்கட்கிழமை காலையில் மின்னஞ்சலில் வந்தது. என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் நான் ஒப்புதல் கையொப்பம் இட வேண்டும். சனிக்கிழமை காலை விழாவில் அறிக்கையை வெளியிடுவார்கள். வெளியான பிறகு பெயர்ப் பட்டியலில் எந்தத் திருத்தமும் இயலாது என்று அடியில் சிறிய எழுத்தில் குறித்திருந்தார்கள். விழாவின் பொருள், தரவு அறிவியலில் பெண்களின் பங்கு. பத்து மணிக்கு என் மனைவியின் படத்துக்கு விளக்கேற்றுவது என்றும், பத்தரைக்கு அறிக்கையை வெளியிட்டு நான் உரையாற்றுவது என்றும் அழைப்பிதழ் சொன்னது. அறிக்கையின் முகப்பில் ஆய்வாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

இரண்டாம் பக்கத்தில் ‘தரவு வழங்கியோர்’ என்ற தலைப்பின் கீழ் ஏழு மீனவர்களின் பெயர்கள். ஏழு பேரும் ஆண்கள். கடைசிப் பக்கத்தில், ‘இப்பணியில் எனக்கு உறுதுணையாக நின்ற என் மறைந்த துணைவியாருக்கு நன்றி’ என்று ஒரு வரி, நான் எழுதாமலேயே என் குரலில் எழுதப்பட்டிருந்தது.

அந்த ஆய்வில் ஒரு வரியைக்கூட நான் எழுதவில்லை. முழுவதும் அவள் செய்தது.

நான் இந்த ஊரில் புள்ளியியல் பேராசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அவள் பெண்கள் பள்ளியொன்றில் கணித ஆசிரியை. ஓய்வுக்குப் பிறகு நான் பழைய கட்டுரைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். அவள் அறுபதாவது வயதில் இணைய வகுப்புகளில் சேர்ந்து நிரல் எழுதக் கற்றாள். அதை நான் பொழுதுபோக்கு என்று எண்ணினேன். அவளும் அதை மறுத்துச் சொன்னதில்லை.

ஆய்வு எங்கள் வாசலில்தான் தொடங்கியது. மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்திலிருந்து வாரத்தில் நான்கு நாள் மீன் கொண்டுவரும் ஒரு பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும், கூடையை இறக்கிவைப்பாள். ஒரு நாள் என் மனைவி உள்ளே போய்ப் பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்துவந்து காரல் மீனின் பக்கத்தில் வைத்து அளந்தாள்.

“என்ன டீச்சர், மீனுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?” என்றாள் அந்தப் பெண்.

“போன வருசம் இதே மாசம் இதவிட பெருசா இருந்துச்சே. அதான் பாக்கேன்.”

“அத நாங்க எப்பமோ பாத்தாச்சி. எங்கள்ட்ட யாரு கேக்கா?”

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் என் மனைவி ஆய்வாக மாற்றினாள். துறைமுகத்தில் எடுக்கப்படும் கணக்கு ஏலம் போகும் மீனை மட்டுமே எண்ணுகிறது. ஏலத்துக்கு முன்பே, படகில் போன ஒவ்வொருவருக்கும் வீட்டுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கறிமீன் என்று பெயர். பெரும்பாலும் பொடிமீன்கள். கரையில் அதைக் கையில் வாங்குவது பெண்கள். சமையலுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைத் தெருக்களில் விற்பதும் அவர்களே. எந்தப் பதிவேட்டிலும் அந்த மீன் ஏறுவதில்லை. கடலில் மீன் சிறுத்துப்போவதும் குறைந்துபோவதும் முதலில் கறிமீனில்தான் தெரியும் என்பதும், ஏலக் கணக்கில் அது தெரிய ஒரு பருவம் பிந்தும் என்பதும் அவள் கண்டது. நானறிந்த வரையில் அதற்குமுன் அதை யாரும் எண்ணாக்கிக் காட்டியதில்லை.

ஏழு பெண்கள் ஒவ்வொரு நாள் காலையிலும் அவளுக்குக் கைபேசியில் குரல்பதிவு அனுப்பினார்கள்: என்ன மீன், எத்தனை கூடை, எந்த அளவு. அவள் கேட்டு எழுதி அட்டவணையாக்கி, அதன் மேல் தன் கணிப்பு மாதிரியைக் கட்டினாள். மூன்றாண்டுகள் இது நடந்தது. அவர்களுடைய பெயரை எங்கும் எழுதாமல் கைபேசி எண்ணை மட்டும் குறியீடாக வைத்துக்கொண்டாள். நாளைக்கு யாரும் அவர்களிடம் போய் ஏன் சொன்னாய் என்று கேட்டுவிடக் கூடாது என்பது அவள் எண்ணம்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

வீட்டு மடிக்கணினியில் அந்த மாதிரி ஓடவில்லை. ஊரில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்குத் தன் பெரிய கணினியில் பயனர் கணக்கு ஒன்று கொடுத்திருந்தது. பள்ளி ஆசிரியை அதைப் பெற வேண்டுமானால் என்னைப் போன்ற ஒருவர் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். அவள் கேட்டாள். “என் கணக்குலயே செய்யேன், எதுக்கு வீணா ஒரு கடிதம்” என்றேன். சில மாதம் கழித்து மறுபடியும் கேட்டாள். அடுத்த வாரம் எழுதுகிறேன் என்றேன். மூன்றாம் முறை கேட்கவில்லை. உள்ளே நுழைவதற்கான ஆறிலக்க எண் ஒவ்வொரு முறையும் என் கைபேசிக்குத்தான் வரும். அவள் என் அறை வாசலில் வந்து நிற்பாள். நான் எழுதிக்கொண்டிருக்கும் பத்தியை முடித்துவிட்டு அந்த எண்ணை வாசித்துக் காட்டுவேன். அவள் நின்ற நேரத்தை நான் ஒருபோதும் கணக்கிட்டதில்லை.

அவள் நான்கு மாதம் நோயில் கிடந்து இறந்தாள். இரண்டு மாதம் சென்றபின் நிறுவனத்திலிருந்து, உங்கள் கோப்புகளில் அரியதோர் ஆய்வு இருக்கிறது, வெளியிடலாமா என்று கேட்டு எழுதினார்கள். நான் அப்போது எந்தக் கடிதத்தையும் முழுதாகப் படிக்கும் நிலையில் இல்லை. பார்த்துச் செய்யுங்கள் என்று பதில் எழுதினேன். அந்த இரண்டு சொல்லின் விளைவுதான் திங்கட்கிழமை வந்த வரைவு.

அன்றே நிறுவனத்தின் இயக்குநரை அழைத்தேன். என்னிடம் படித்தவர், நேர்மையானவர்.

“சார், அறிக்கை பாத்தீங்களா? நல்லா வந்திருக்குல்லா?”

“பாத்தேன். ஆய்வாளர் பேரு தப்பா இருக்கு. என் மனைவி பேரு வரணும்.”

“கண்டிப்பா சார். அம்மாவுக்குச் சமர்ப்பணம்னு தனிப் பக்கமே போட்டிருவோம். படத்தோட” என்றார்.

“சமர்ப்பணம் வேண்டாம். வேலைய செஞ்சது அவ.”

“சார்... நீங்க எந்த மனநிலையில சொல்லுதீங்கன்னு எனக்குப் புரியுது. எங்கப்பா தவறினப்போ எங்கம்மாவும் இப்படித்தான். வீட்டுல நடந்த நல்லது எல்லாத்தையும் அவரு பேர்லயே சொல்லுவாங்க. அன்பு அப்படித்தான் சார் பேசும்.”

“இது அன்பு இல்ல. தகவல்.”

“ஒவ்வொரு கோப்புலயும் எழுதினவரு நீங்கன்னு இருக்கு. மூணு வருசத்துப் பதிவும் உங்க லாகின். வெளியீட்டுக் குழு அதத்தான சார் பாக்கும்? யாரு சொன்னாங்கன்னு பாக்காத, சான்று என்னன்னு பாருன்னு எங்களுக்குப் படிச்சுக் குடுத்ததே நீங்கதான்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. மறுத்து நான் காட்டக்கூடிய சான்று எதுவும் என் கையில் இல்லை. மனைவியை இழந்தவன் சொல்லும் சாட்சியத்துக்கு என்ன எடை கொடுக்க வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் குறைவாகத்தான் கொடுத்திருப்பேன். ஐயமிருந்தால் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வாருங்கள் என்று அவர் முடித்துக்கொண்டார்.

அன்று பகல் முழுவதும் அவளுடைய மடிக்கணினியைத் திறந்து கோப்புகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் என் பெயர், நிறுவனக் கணினி தானே இட்டது. கோப்புகள் திருத்தப்பட்ட நேரங்களைக் குறித்தேன். பெரும்பாலும் பிற்பகல் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில். அது நான் உறங்கும் நேரம். நான் உறங்கினேன் என்பதற்கு ஒரே சாட்சி அவள்.

இன்னொரு சான்று வீட்டில் இருந்தது. அதை நான் தொடவில்லை. அவளுடைய கைபேசியை நாள்தோறும் மின்னேற்றி அலமாரியின் மேல் வைத்திருந்தேன். காலை ஏழு மணியளவில் அது இன்னும் ஒலிக்கும். ஏழு பேரில் இரண்டு பெண்கள் அவள் இறந்த பிறகும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மூன்றாண்டுக் குரல்பதிவுகள் இருந்தன. அவர்கள் அனுப்பியவையும், அவள் திருப்பிக் கேட்ட கேள்விகளும். அவற்றுள் எதையேனும் ஒன்றை மேசைமேல் வைத்து ஒலிக்கவிட்டால் போதும் என்பது எனக்குத் தெரியும். எட்டு மாதமாக நான் அவள் குரலைக் கேட்டிருக்கவில்லை. புதன்கிழமை இரண்டு முறை கைபேசியைக் கையிலெடுத்தேன். இரண்டு முறையும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நான்கு பக்கத்தில் ஒரு விளக்கவுரை எழுத உட்கார்ந்தேன். ஒரு பொத்தானை அழுத்துவதைவிட நான்கு பக்கம் எழுதுவது எனக்கு எளிதாக இருந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் திரேஸ்புரம் போனேன். மீன் கொண்டுவரும் பெண், கரையேற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் வேறு இருவரோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அறிக்கை வரப்போவதைச் சொல்லி, தரவு வழங்கியோர் பட்டியலை வாசித்தேன்.

முதற்பெயரைக் கேட்டதும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் பெயருக்கு ஒருத்தி சிரித்துவிட்டாள்.

“ஏளா, ஒம் புருசன் ஆராய்ச்சியில்லா பண்ணிருக்காரு! எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லலியே?”

“அந்த மனுசன் ஏழு மணிக்குக் கண்ண முழிச்சாலே அது பெரிய ஆராய்ச்சிதான். நீ வேற.”

நான்காம் பெயரை வாசித்தபோது எங்கள் வாசலுக்கு வருபவள் கையை நீட்டி, “நில்லுங்க சார். அத இன்னொரு தரம் வாசிங்க” என்றாள். வாசித்தேன்.

“அது எங்க வீட்டுக்காரரு. அவரு செத்து ஏழு வருசமாச்சி, இப்பம் கடலுக்குப் போறது எம் மவன். கல்லறையில கெடந்துகிட்டு காரல அளந்து டீச்சருக்கு அனுப்புனாராமா?”

மற்ற இருவரும் சிரிக்கவில்லை. எப்படி நேர்ந்தது என்று அவர்களிடம் கேட்டுத்தான் எனக்கு விளங்கியது. கைபேசிக்கு எண் வாங்கும்போது கணவன் பெயரில் வாங்குகிறார்கள். மீனவர் அட்டையிலும் அந்த எண்தான் இருக்கிறது. என் மனைவி குறியீடாக வைத்த எண்களை நிறுவனத்தில் யாரோ மீனவர் பட்டியலோடு பொருத்திப் பெயர்களை எடுத்திருக்கிறார்கள். எண்கள் சரியாகப் பொருந்தின. ஏழு பெண்கள் ஏழு ஆண்களாக மாறினார்கள். அவர்களில் ஒருவர் உயிரோடில்லை என்பதை எந்த நிரலும் கேட்கவில்லை. அவர்களைக் காப்பதற்காக அவள் பெயரை எழுதாமல் விட்டது இப்படி முடிந்தது.

“சரி, டீச்சர் பேரு எங்கன இருக்கு?” என்று அவள் கேட்டாள்.

கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“உறுதுணைன்னா என்ன சார்? காப்பி போட்டுக் குடுத்தாங்கன்னா?”

அவள் தாளிலிருந்து விரலை எடுத்தாள்.

“டீச்சருதான் எல்லாம் பண்ணுனாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“பொறவு ஏன் இம்புட்டு நாளா சொல்லல?”

அவள் அந்தத் தாள்களை மடித்து என் கையில் கொடுத்தாள். “நாளைக்கு நானும் வாரேன். பத்து மணிக்குள்ள வித்து முடிச்சிருவேன். ஆனா சார், எனக்குப் பேச்சு வராது. ஏச்சுதான் வரும். பாத்துக்கிடுங்க.”

வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது கூடையை வாசற்காவலர் உள்ளே விடவில்லை. அதற்காக அவரைப் படியேறும் வரைக்கும் வைதுகொண்டே வந்தாள். அறையில் இயக்குநர் இருந்தார். மேசையின் ஓரத்தில் நிறுவனத்தின் தரவு ஆய்வாளர், முப்பது வயதைக் கடந்த ஒரு பெண், மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். அறிக்கைக்காக நிரலை மூன்று வாரம் வரிவரியாகச் சரிபார்த்தவர் அவர்தான் என்று இயக்குநர் அறிமுகப்படுத்தினார். அச்சகத்துக்குப் பன்னிரண்டு மணிக்கு இறுதி வடிவம் போக வேண்டும் என்றும் சொன்னார்.

என் நான்கு பக்கங்களை அவர் பொறுமையாகப் படித்தார். தரவு வழங்கியோர் பட்டியல் பிழை என்பதை உடனே ஒப்புக்கொண்டார். “இது எங்க தப்பு சார், மன்னிக்கணும். ‘மீனவக் குடும்பங்கள்’னு பொதுவா போட்டிருவோம். யாருக்கும் மனக்குறை இருக்காது.”

“குடும்பம்னா யாருய்யா?” என்றாள் மீன் விற்கும் பெண். “எங்க வீட்டுல பூனகூட ஒண்ணு கெடக்கு. அதையும் சேப்பீங்களா?”

இயக்குநர் சிரிக்க முயன்று நிறுத்திக்கொண்டார். “ஆய்வாளர் பெயர மாத்துதது அப்படி இல்ல சார்” என்று என் பக்கம் திரும்பினார். “நீங்க குடுத்திருக்கிறது எல்லாம் நேரக் குறிப்பு. அந்த நேரத்துல நீங்க ஒறங்கினீங்கன்னு நீங்களே சொல்லுதீங்க. நான் ஒங்கள நம்புதேன். ஆனா குழுவுக்கு நான் என்னத்தக் காட்ட?”

மணி பதினொன்றரை ஆகியிருந்தது.

“சார், நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றார் ஆய்வாளர். மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். “இந்த வரி. வாரத்துல மத்த நாளு எல்லாம் வந்த எண்ண அப்படியே எடுத்திருக்கு. சனிக்கிழமை எண்ண மட்டும் குறைச்சிருக்கு. முதல் வருசத்துல இது இல்ல, நடுவுலதான் சேத்திருக்கு. சேத்ததுக்கப்புறம் கணிப்பு ரொம்பச் சரியா வருது. ஆனா ஏன் குறைச்சீங்கன்னு எங்கயும் எழுதல. மூணு வாரமா எனக்குப் புரியல. அறிக்கையில காரணம் போடணும்.”

நல்ல கேள்வி. ஓர் ஆய்வு நிற்பதும் விழுவதும் இப்படிப்பட்ட கேள்வியில்தான். இதே வகைக் கேள்விகளைப் பல ஆண்டுகள் மாணவர்களிடம் நான் கேட்டிருக்கிறேன். பதில் தெரியாதவன் எந்த இடத்தில் தடுமாறுவான், எந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வான் என்பது எனக்குப் பழக்கம். மூச்சு விடும் நேரத்தில் எனக்கு மூன்று விடைகள் தோன்றின. மூன்றும் கேட்க முறையாக இருந்திருக்கும். அவற்றில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அந்த அறையில் எவரும் மறுத்திருக்க முடியாது. என் பெயரும் என்றென்றைக்குமாக அந்த முகப்பில் நின்றிருக்கும்.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

ஆய்வாளர் என்னைக் கூர்ந்து பார்த்தார். “அப்போ இந்த மாடல்ல நீங்க எழுதின பகுதி எது சார்?”

“எதுவும் இல்ல.”

“சார் மறந்திருக்கலாம்” என்று இயக்குநர் இடையிட்டார். “மூணு வருசம் ஆச்சு, அதுக்கு நடுவுல வீட்டுல இவ்வளவு...”

“மறக்கல. ஒருபோதும் தெரியாது. இந்த வரிய இப்பத்தான் பாக்கேன்.”

என் மாணவர் ஒருவர் முன்னால், என் துறையில், எனக்குத் தெரியாது என்று நான் சொன்னது அதுவே முதல்முறை. அவர் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். என்னைவிட அவருக்குத்தான் அது கூச்சமாக இருந்தது.

“என்னத்துக்கு எல்லாரும் வாயப் பொத்திகிட்டு இருக்கீங்க?” என்றாள் மீன் விற்கும் பெண். “சனிக்கிழமையா கேக்குதாங்க? அது நான் சொன்னதுல்லா.”

யாரும் எதிர்பாராத விதமாக அவள் மடியிலிருந்து தன் கைபேசியை எடுத்தாள். எனக்கு என்ன வரப்போகிறது என்று விளங்கியது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விரலால் தள்ளித்தள்ளிப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். “கெடக்கும். நான் எதையும் அழிக்கல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு கைபேசியை மேசையின் நடுவில் வைத்து அழுத்தினாள்.

என் மனைவியின் குரல் வந்தது. பின்னணியில் எங்கள் வீட்டு மின்விசிறியின் கிறீச்சொலியும் கேட்டது.

“ஏளா, ஒரு சந்தேகம். சனிக்கிழமை ஆனா மட்டும் ஒங்க எல்லாருக்கும் கூடக் கூட வருதே, அது எப்படி? கடலு என்ன கிழமை பாத்தா குடுக்குது?”

அடுத்தது விற்பவளின் பதில். “ஐய, இது தெரியாதா டீச்சர்? ஞாயித்துக்கெழம எங்காளுக கடலுக்குப் போகமாட்டாகல்லா? மாதா கோயிலுக்குல்லா போவாக. அதனால சனிக்கெழமயே ரெண்டு நாளுக்குச் சேத்துக் கறிமீனு எடுத்துக் குடுத்துருவாக. மீனு கூடல. பங்குதான் கூடுது.”

மறுபடியும் என் மனைவி. முதலில் சிரிப்பு, பிறகு பேச்சு. “அட பாவி மக்கா. ஒரு வருசமா சனிக்கிழமை கடல்ல மீனு பெருகுதுன்னுல்லா கணக்குப் போட்டுகிட்டு இருக்கேன். நல்ல வேளை கேட்டேன். இன்னைக்கே மாத்துதேன். ஏளா, நம்ம சார்ட்ட மட்டும் சொல்லிராத. இதுகூடத் தெரியாமயான்னு சிரிப்பாரு.”

கைபேசி நின்றது. நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மூலையில் பலகை சற்றே பெயர்ந்திருந்தது.

சிரித்திருப்பேனா என்று அந்த அறையில் யாரும் என்னைக் கேட்கவில்லை. சிரித்திருப்பேன். இங்கே நானே எழுதிவைக்கிறேன்.

ஆய்வாளர்தான் முதலில் அசைந்தார். “அந்த மெசேஜ்ல தேதி பாக்கலாமாக்கா?” என்று கேட்டு, கைபேசியில் இருந்த நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டார். பிறகு அந்த வரி எப்போது சேர்க்கப்பட்டது என்பதைத் தேடினார். குரல்பதிவு காலை எட்டரைக்கு. நிரலில் திருத்தம் அதே நாள் பிற்பகல் இரண்டே காலுக்கு. மடிக்கணினியை இயக்குநர் பக்கம் திருப்பினார். இயக்குநர் இரண்டையும் இருமுறை ஒப்பிட்டுப் பார்த்தார். தொலைபேசியை எடுத்து அச்சகத்தை அழைத்து, முகப்பும் இரண்டாம் பக்கமும் மாறும், ஒரு மணி வரை பொறுங்கள் என்றார்.

அதன்பின் வந்தவை படிவத்தின் தொல்லைகள். முகப்பில் என் மனைவியின் பெயருக்குக் கீழே நிறுவனம் என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் கணினி ஏற்கவில்லை. “நம்ம நிறுவனத்தையே போட்டிருவோம், பெருமைதானே” என்றார் இயக்குநர்.

“நாம அவங்களுக்கு ஒரு கணக்குகூடக் குடுக்கலையே சார்” என்றார் ஆய்வாளர்.

அந்தக் கணக்கு ஏன் கொடுக்கப்படவில்லை என்பதை நான் சொன்னேன். பரிந்துரைக் கடிதம் என் கையில் நின்றுபோனதையும், எத்தனை முறை அவள் கேட்டாள் என்பதையும். இருவரும் கேட்டுக்கொண்டார்கள். ‘தனி ஆய்வாளர்’ என்று கட்டத்தை நிரப்பினார்கள்.

“இரண்டாவது பேரா நீங்க இருக்கணும் சார்” என்று இயக்குநர் தாழ்ந்த குரலில் சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்க. பள்ளிக்கூட ஆசிரியை, எந்த நிறுவனமும் இல்ல, எறந்தும் போயிட்டாங்க. வெளியில திறந்துகூடப் பாக்கமாட்டாங்க. ஒங்க பேரு பக்கத்துல இருந்தா படிப்பாங்க. அம்மாவுக்காகத்தான் சொல்லுதேன்.”

உண்மையாகவே அவளுக்காகத்தான் சொன்னார். யாரும் திறந்து பார்க்காமல் போவது நடக்கக்கூடியதும்தான், இன்றுவரை அந்த அறிக்கையை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒரு தாள் வாங்கி, இந்த ஆய்வின் எந்தப் பகுதியையும் நான் செய்யவில்லை, என் பெயரிலுள்ள கோப்புகள் அனைத்தும் என் மனைவி எழுதியவை என்று எழுதிக் கையொப்பமிட்டேன். நாளைய உரையையும் நான் ஆற்றப்போவதில்லை என்றேன். பேசுவதானால் நிரலைப் படித்தறிந்த ஆய்வாளர் பேசட்டும். தரவைத் தந்தவர்களில் ஒருவர் பேசட்டும்.

“நாளைக்கா?” என்றாள் மீன் விற்கும் பெண். “நல்லாருக்கே! சனிக்கெழம எனக்கு யாவாரம். ஒங்க விளக்க ஞாயித்துக்கெழம ஏத்துங்க, பூசை முடிச்சிட்டு வாரேன்.”

விழாவை மாற்ற முடியாது என்று இயக்குநர் விளக்கத் தொடங்கினார். நான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே வந்தேன்.

நடைவழியில் ஒரு நாற்காலி இருந்தது. உட்காரவில்லை, சுவரில் கை ஊன்றி நின்றேன். கதவு முழுதும் சாத்தப்படாமல் இருந்ததால் உள்ளே பேசுவது கேட்டது. ஆய்வாளர் ஏழு பெண்களின் பெயர்களையும் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் நேரில் சம்மதம் வாங்காமல் போட முடியாது, இப்போதே திரேஸ்புரம் வருகிறேன் என்றார். அதற்கு விற்பவள், வந்தால் ஏழு பேரையும் ஒரே இடத்தில் பிடிக்க முடியாது, ஒருத்தி கருவாட்டுக் களத்தில் இருப்பாள் என்றாள். பிறகு கூடையைப் பற்றிப் பேச்சு எழுந்தது.

“ஒரு கூடைன்னா எவ்வளவுக்கா? எல்லாருக்கும் ஒரே எடைன்னு போட்டிருக்கே.”

“எந்தக் கூட? பனங்கூடையா, பிளாஸ்டிக்கா?”

“ரெண்டும் வேறயா?”

“வேறயாவா! ஏளா, ஒன்னய யாரு இந்த வேலைக்கு வச்சா? நீ மீன எடுத்துப் பாத்திருக்கியா, தட்டுலதான் பாத்திருக்கியா?”

“சொல்லுங்கக்கா, எழுதிக்கிடுதேன்.”

“எழுதுனா ஆச்சா? திங்கக்கெழம காலைல கரைக்கு வா. வந்து தூக்கிப் பாரு. அப்பத் தெரியும்.”

எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று ஆய்வாளர் கேட்டார். அஞ்சரைக்கு என்றாள். எல்லாக் கூடைக்கும் ஒரே எடை என்பது என் மனைவியின் மாதிரியில் உள்ள பிழையாக இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் உள்ளே போகவில்லை.